இலை வண்ண அட்டையா, நானோ யூரியா பாட்டிலா? நாஞ்சில் வயலுக்கு ஒரு மதிப்பீடு

கும்பப்பூவுக்கு, அதாவது குமரி மாவட்டத்தின் இரண்டாம் பருவ நெல்லுக்கு, உரம் வாங்கப் போகிறவர்கள், எப்போது யூரியா போடுவது என்று இலையின் நிறத்தை வைத்துச் சொல்லும் இலை வண்ண அட்டை ஒன்றையும் சேர்த்து வாங்கிவிடலாம். இலையில் தெளிக்கும் திரவமான நானோ யூரியா பாட்டிலை எடுக்காமல் திரும்பினாலும் பயிருக்கு நட்டம் வராது. முடிவு இதுதான், இனி காரணங்கள்.

அட்டை என்று பெயர் இருந்தாலும் அது பிளாஸ்டிக். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வடிவத்தில் நான்கு பச்சைப் பட்டைகள் இருக்கும், 2 முதல் 5 வரை எண் போட்டு. 2 என்பது மஞ்சளோடிய பச்சை, 5 கரும்பச்சை. பழைய வடிவத்தில் ஆறு பட்டைகள். கட்டாக்கில் உள்ள தேசிய நெல் ஆராய்ச்சி நிறுவனம் ஐந்து பட்டை வைத்துத் தனியாக ஒன்று செய்திருக்கிறது. நல்ல அட்டையின் பட்டைகளில் நெல் இலையின் நரம்பு போலவே மெல்லிய வரிகள் ஓடும். அது அழகுக்குப் போட்டதல்ல. வழுவழுப்பான பரப்பில் வெளிச்சம் பட்டுத் திரும்புவது ஒரு மாதிரி, வரியோடிய இலையில் வேறு மாதிரி. அந்த வித்தியாசம் கண்ணை ஏமாற்றக் கூடாது என்பதற்காக. விலை ஒரு மூட்டை யூரியாவைவிடக் குறைவு. மை தீராது, பேட்டரி கிடையாது, ஒழுங்காக வைத்துக்கொண்டால் பல பூ, அதாவது பல பருவம், தாங்கும்.

இலையில் தழைச்சத்து (நைட்ரஜன்) கூடினால் பச்சையம் கூடும், பச்சையம் கூடினால் நிறம் கருக்கும். அனுபவப்பட்ட கண்ணுக்கு இது தெரியாத சங்கதி இல்லை. ஆனால் பக்கத்து வயலோடு ஒப்பிட்டுத்தான் அந்தக் கண் தீர்ப்புச் சொல்லும். பக்கத்து வயலில் ஒரு மூட்டை கூடுதலாகப் போட்டிருந்தால், நம் வயல் நன்றாக இருந்தாலும் வெளுத்த மாதிரி தோன்றும். ஒரே வயல்வெளியில் எல்லாரும் ஒருவர் மாற்றி ஒருவர் யூரியா வீசுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். அட்டையின் வேலை, ஒப்பிட மாறாத ஒரு நிறத்தைக் கையில் கொடுப்பது.

நட்ட வயலென்றால் 14ஆம் நாள் முதல் பார்க்கத் தொடங்க வேண்டும். தொளியில், அதாவது உழுது கலக்கிய சேற்றில், விதைத்ததென்றால் 21ஆம் நாள். முதல் பருவமான கன்னிப்பூவில் காய்ந்த மண்ணில் பொடி விதைப்பு செய்தவர்கள் விதைத்த தேதியை விட்டுவிட்டு, முளை வெளியே தெரிந்த நாளிலிருந்து எண்ணுவதே சரி. மழைக்குக் காத்துக் கிடந்த நாட்களில் பயிர் எதுவும் சாப்பிடவில்லையே. அதன்பிறகு ஏழு நாளுக்கு ஒருமுறை, கதிர் வெளியே வரும் வரை. காலை 8 முதல் 10 மணிக்குள் பார்ப்பது நல்லது. வரப்போரப் பயிரை விட்டுவிட்டு உள்ளே இறங்கி, இங்கும் அங்குமாகப் பத்து தூர். ஒவ்வொரு தூரிலும் மேலிருந்து முழுதாக விரிந்த இளைய இலை ஒன்று. சுருள் பிரியாத குருத்து கூடாது, கீழே பழுத்துக்கொண்டிருக்கும் இலையும் கூடாது. இலையைப் பறிக்காமல், அதன் நடுப்பகுதியை அட்டையின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று உடம்பின் நிழலில் வைத்துப் பார்ப்பது கட்டாயம். நிறம் இரண்டு பட்டைக்கு நடுவே விழுந்தால் 3.5 என்பது போல நடு எண்ணை எழுதிக்கொள்ளலாம்.

பத்து இலையில் ஆறோ அதற்கு மேலோ வரம்பு எண்ணுக்குக் கீழே இருந்தால் யூரியா போட வேண்டும். இல்லையென்றால் அந்த வாரம் மூட்டையைப் பிரிக்க வேண்டாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெள்ளைப் பொன்னிக்கு வரம்பை 3 என்றும், மற்ற ரகங்களுக்கும் வீரிய ஒட்டு ரகங்களுக்கும் 4 என்றும் வைத்திருக்கிறது. ஆக இங்கே கன்னிப்பூவில் போடும் அம்பை 16, டிபிஎஸ் 5, கும்பப்பூவில் போடும் டிபிஎஸ் 3 ஆகியவற்றுக்கு 4. கட்டிச்சம்பா போன்ற நாட்டு நெல் போடுகிறவர்கள் இந்த 4-ஐப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது. அந்த நெல்லின் பிறவி நிறமே வெளிறியது. உயரமாக வளரும் பயிரைக் கரும்பச்சை ஆக்கப் போனால், கதிர் முற்றும் நேரத்தில் ஒரு காற்றுக்குப் பாய் விரித்த மாதிரி படுத்துவிடும். அதற்கு 3 போதும். அதுவும் சந்தேகமாக இருந்தால் போடாமல் விடுவதே மேல்.

சரி, எவ்வளவு போடுவது? ஒரு தவணைக்கு ஹெக்டேருக்கு 30 முதல் 35 கிலோ தழைச்சத்து. யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து என்பதால் ஏக்கருக்கு 26 முதல் 31 கிலோ யூரியா வரும். நம் மாவட்டத்தில் ஏக்கர் கணக்கில் வயல் வைத்திருப்பவர்கள் குறைவு. 10 சென்ட் வயலுக்கு 3 கிலோ என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மழை ஓங்கிய கும்பப்பூவுக்கு 30-ஐ ஒட்டியும், வெயில் நன்றாக விழும் நாட்களில் 35-ஐ ஒட்டியும் போவது வழக்கம். அடியுரத்தில் டிஏபி போட்டிருந்தால் அதிலும் தழைச்சத்து உண்டு என்பதை மறக்கக் கூடாது: 50 கிலோ மூட்டையில் 9 கிலோ. அதனால்தான் டிஏபி போட்ட வயலில் 14ஆம் நாள் பார்வையில் அட்டை பெரும்பாலும் ‘வேண்டாம்’ என்று சொல்லும். அதை நம்பலாம்.

காலண்டர் பார்த்துப் போடுகிறவர்கள் அடியுரம், தூர் கட்டும் பருவம், கதிர் உருவாகும் பருவம், கதிர் வெளிவரும் பருவம் என்று நாலு சம பங்காகப் பிரிப்பார்கள். திட்டம் நல்லதுதான். ஆனால் வண்டல் இறங்கிய குளத்துப் பாசன வயலுக்கும், மேட்டுச் செம்மண் வயலுக்கும், போன வருஷம் வாழை நின்று உரம் மிச்சம் கிடக்கும் வயலுக்கும் அது ஒரே கணக்கைத்தான் கொடுக்கும். வாழைக்குப் பிறகு நெல் போட்ட இடத்தில் அட்டையை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்; அங்கே ஒரு தவணை தானாகவே மிஞ்சும்.

அட்டை தவறிப்போகும் இடங்கள் பல. முதலாவது, வெயில். நேர் வெயிலில் பார்த்தால் இலை வெளுத்துத் தெரியும். தேவையில்லாமல் யூரியா போட வைக்கும். இரண்டாவது, ஆள் மாற்றம். இந்த வாரம் அப்பா, அடுத்த வாரம் மகன் என்று பார்த்தால் கணக்கு ஒத்துவராது. கண்ணுக்குக் கண் அரைப் பட்டை வித்தியாசம் வரும். ஒரே ஆள், ஒரே நேரம் என்று வைத்துக்கொள்ள வேண்டும். மூன்றாவது, ஈரம். பனித்துளியோ மழைத்துளியோ இலையில் நின்றால் நிறம் கருத்துத் தெரியும், போட வேண்டிய இடத்தில் போடாமல் விட வைக்கும். கும்பப்பூ நேரத்தில் இது பெரிய தொல்லை. துடைத்துவிட்டுப் பார்க்கலாம், அல்லது இலை உலர்ந்த பிறகு கொஞ்சம் தாமதித்துப் போகலாம். நான்காவது, அட்டையே வெளுத்துப் போவது. பைக் சீட்டுக்கு முன்னாலோ பம்புசெட் ஜன்னலிலோ வெயிலில் போட்டு வைத்த அட்டை மெல்ல நிறம் மாறும். மாறியது நமக்குத் தெரியாது, ஏனென்றால் நாமும் அதோடு சேர்ந்து பழகிவிடுவோம். இருட்டில், ஒரு உறைக்குள், விதை மூட்டை வைக்கும் இடத்தில் வைப்பது நல்லது.

ஐந்தாவதுதான் உண்மையில் பெரியது: மஞ்சளாகத் தெரிவதெல்லாம் தழைச்சத்துக் குறைவு அல்ல. அட்டைக்கு நிறம் தெரியும், காரணம் தெரியாது. தழைச்சத்துப் பற்றாக்குறையென்றால் மஞ்சள் கீழிலையில் தொடங்கி மேலே ஏறும். இளைய இலை கடைசியில்தான் வெளுக்கும். இளைய இலை முதலில் வெளுத்து, கீழிலை பச்சையாகவே இருந்தால் கந்தகச் சத்தைச் சந்தேகிக்க வேண்டும். நட்ட இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் குருத்திலையின் அடியில் நடுநரம்பு வெளுத்து, கீழிலையில் துருப் புள்ளி விழுந்து, வயல் திட்டுத் திட்டாகக் குட்டையாக நின்றால் அது துத்தநாகக் குறைவு. அதற்கு எவ்வளவு யூரியா கொட்டினாலும் திரும்பாது. அரை சதவீத துத்தநாக சல்பேட்டோடு ஒரு சதவீத யூரியா கலந்து பத்து நாள் இடைவெளியில் மூன்று தடவை தெளிக்க வேண்டும். அடுத்த பூவுக்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை நடவுக்கு முன்னாலேயே போட்டுவிட வேண்டும்.

செம்மண் மேட்டிலிருந்து ஊறல் இறங்கும் தாழ்ந்த ஏலாக்களில் (வயல்வெளிகளில்) இன்னொரு வகை உண்டு. தண்ணீரின் மேல் எண்ணெய் படிந்த மாதிரி பளபளப்பு, வாய்க்கால் ஓரத்தில் துருநிறச் சேறு, கீழிலை நுனியிலிருந்து பொடிப் பொடியாகப் பழுப்புப் புள்ளி, பிடுங்கிப் பார்த்தால் வேரில் துருப்பூச்சு. இது இரும்பு நச்சு. வேர் கெட்டுக் கிடக்கும் பயிருக்கு யூரியா போடுவது வீண். மடையைத் திறந்து தண்ணீரை வடித்து வயலுக்குக் காற்றோட்டம் கொடுப்பதும், சாம்பல் சத்தை (பொட்டாஷ்) குறைக்காமல் கொடுப்பதும், மண் புளிப்புக்கு ஏற்றபடி சுண்ணாம்பு இடுவதும்தான் வழி. அந்த அளவை மண் பரிசோதனை இல்லாமல் சொல்ல முடியாது. வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் மண் மாதிரி கொடுத்து மண்வள அட்டை வாங்கி வைத்துக்கொண்டால், மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல் சத்து, துத்தநாகம், கார அமில நிலை எல்லாம் அதில் இருக்கும். மண்வள அட்டை பூ தொடங்கும் முன் பார்ப்பதற்கு, இலை வண்ண அட்டை பூ நடக்கும்போது பார்ப்பதற்கு. ஒன்று இன்னொன்றுக்கு மாற்று ஆகாது.

பாக்டீரியா இலைக்கருகல், துங்ரோ போன்ற நோய் பட்ட இலையை வைத்துப் பார்க்கவே கூடாது. இலைக்கருகலும் குலைநோயும் இருக்கும் வயலில் அட்டை ‘போடு’ என்று சொன்னாலும் நிறுத்தி வைப்பதே புத்தி. தழைச்சத்து நோய்க்கும் சேர்த்துத்தான் தீனி. புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் எந்த வயலைத் தேடி வரும் என்று கேட்டால், கரும்பச்சையாகக் கொழுத்து நிற்கும் வயலைத்தான். யூரியாவில் மிச்சம் பிடித்தால் பூச்சிமருந்திலும் மிச்சம் என்பது இதனால்தான்.

இனி நானோ யூரியா. 2021இல் இப்கோ என்ற உரக் கூட்டுறவு நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது. அரை லிட்டர் பாட்டில், விலை 225 ரூபாய் அளவில். ஒரு பாட்டில் ஒரு மூட்டை யூரியாவுக்குச் சமம் என்பதுதான் விளம்பரத்தின் சாரம். முதலில் வந்ததில் தழைச்சத்து 4 சதவீதம். பிறகு 2024இல் அளவைக் கூட்டி 20 சதவீதமாக நானோ யூரியா பிளஸ் வந்தது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 45 கிலோ யூரியா மூட்டையில் 20.7 கிலோ தழைச்சத்து. பழைய பாட்டிலில் 20 கிராம். புதியதில் 100 கிராம். வயலில் வீசிய யூரியாவில் மூன்றில் ஒரு பங்குதான் பயிருக்குப் போகிறது, மீதி காற்றிலும் தண்ணீரிலும் போகிறது என்று நிறுவனம் சொல்வது உண்மைதான்; நெல் வயலில் நிலைமை அப்படித்தான். அந்த மூன்றில் ஒரு பங்கே 6 கிலோவுக்கு மேல் வருகிறது. பாட்டிலில் இருப்பது ஒரு சொட்டும் சிந்தாமல் முழுக்க இலைக்குள் போனாலும் 100 கிராம்தான். 30 கோட்டை விளையும் ஏக்கர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கோட்டைக்கு 87 கிலோ என்றால் சுமார் 2,600 கிலோ நெல். ஒரு டன் நெல் விளைவிக்கப் பயிர் மொத்தம் 15 முதல் 20 கிலோ தழைச்சத்தை எடுக்கும். ஆக 39 முதல் 52 கிலோ. மண்ணும் தொழுவுரமும் கணிசமாகக் கொடுக்கும் என்றே வைத்தாலும், மிச்சத்தை 100 கிராம் எப்படி ஈடுகட்டும்? எவ்வளவு சிறிய துகளாக இருந்தாலும் இல்லாத தழைச்சத்தை அது உண்டாக்க முடியாது.

நிறுவனம் தன் வயல் சோதனைகளில் சராசரியாக 8 சதவீதம் விளைச்சல் கூடியதாகச் சொல்கிறது. மறுபக்கம், பஞ்சாப் வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெல்லிலும் கோதுமையிலும் இரண்டு ஆண்டு நடத்திய சோதனையில், வழக்கமான தழைச்சத்தில் பாதியைக் குறைத்து நானோ யூரியா தெளித்த பாத்திகளில் விளைச்சலும் தானியத்தின் புரதமும் குறைந்தன. கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் 2023இல் இதன் அறிவியல் அடிப்படையையே கேள்வி கேட்டு எழுதினார்கள். இந்தச் சண்டையில் யார் பக்கம் நிற்பது என்று யோசிக்க வேண்டியதில்லை. மேலே போட்ட கணக்கே போதும்.

பாட்டிலை வாங்கியே விட்டவர்கள் பயன்படுத்தும் முறை இது. லிட்டருக்கு 2 முதல் 4 மில்லி. 16 லிட்டர் டேங்குக்கு 4 மில்லி கணக்கில் 64 மில்லி. ஏக்கருக்கு 125 லிட்டர் தண்ணீர் தெளித்தால் பாட்டில் சரியாகத் தீரும், கிட்டத்தட்ட எட்டு டேங்க். தூர் கட்டும்போது ஒரு தடவை, பூப்பதற்கு முன் ஒரு தடவை. மண்ணிலிருந்து வேர் எடுப்பதல்ல, இலை வழியாகப் போவது என்பதால் இலை விரிந்து நிலத்தை மூடிய பிறகே தெளிக்க வேண்டும். நட்ட பத்தாம் நாள் தெளித்தால் முக்கால்வாசி தண்ணீரில்தான் விழும். தட்டை விசிறி நாசில் போட்டு, காலையிலோ மாலையிலோ. தெளித்த 12 மணி நேரத்துக்குள் மழை வந்தால் திரும்பத் தெளிக்கச் சொல்கிறது குறிப்பு. ஐப்பசி, கார்த்திகையில் நாஞ்சில் நாட்டில் 12 மணி நேர வெயிலுக்கு யார் உத்தரவாதம் கொடுப்பது? தெளிப்புக் கூலி இரட்டிப்பாகும் இடம் இதுதான். அடியுரத் தழைச்சத்தைக் குறைக்கச் சொல்லி நிறுவனமே சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். மேலுரத்துக்கு மட்டும்தான் அது மாற்றாக வைக்கப்படுகிறது. கடையில் சொல்லும்போது அந்தப் பாதி விடுபட்டுப் போகிறது.

இலை வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்றால் மூட்டை யூரியாவிலேயே அது முடியும். ஒரு சதவீதக் கரைசல்: 200 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ யூரியா. மானிய விலையில் 45 கிலோ மூட்டை 266.50 ரூபாய், அந்த 2 கிலோவுக்கு 12 ரூபாய் ஆகும். அதில் 920 கிராம் தழைச்சத்து இருக்கிறது, பாட்டிலில் உள்ளதைப் போல ஒன்பது மடங்கு. கதிர் உருவாகும் பருவத்தில் ஒரு தடவையும் பத்து நாள் கழித்து ஒரு தடவையும் ஒரு சதவீத யூரியாவோடு இரண்டு சதவீத டிஏபியும் ஒரு சதவீத பொட்டாஷும் சேர்த்துத் தெளிப்பது பழைய பரிந்துரை. சாவி (பதர்) குறைய உதவும். யூரியா இரண்டு சதவீதத்துக்கு மேல் போனாலோ உச்சி வெயிலில் தெளித்தாலோ இலை நுனி கருகும், அவ்வளவுதான் எச்சரிக்கை.

நானோ பாட்டிலுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டிய ஒரு நல்லது உண்டு: தூக்கிப்போக எளிது. வாகனம் இறங்காத ஏலாவுக்கு 45 கிலோ மூட்டையைத் தலைச்சுமையாகக் கொண்டுபோக இப்போது ஆள் கிடைப்பதில்லை. ட்ரோனில் தெளிப்பதற்கும் பாட்டில் வசதி. ஆனால் அந்த வசதிக்காக 100 கிராம் தழைச்சத்துக்கு 225 ரூபாய் கொடுப்பதா என்பது அவரவர் பை சம்பந்தப்பட்டது. மூட்டை வேண்டுமென்றால் பாட்டிலும் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் கடையென்றால் மறுத்துவிடலாம். அப்படிச் சேர்த்துக் கட்டி விற்கக் கூடாது என்பதுதான் அரசின் நிலைப்பாடு.

மூட்டை இவ்வளவு மலிவாக இருக்கும்போது ஒரு தவணையை மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது, 160, 180 ரூபாய்தானே என்று கேட்கலாம். 266.50 என்பது அதன் உண்மை விலை அல்ல. மீதியை மானியமாக அரசு கொடுக்கிறது, அது நாம் கொடுக்கும் விலையைப் போலப் பல மடங்கு. யூரியா செய்ய அம்மோனியா வேண்டும், அம்மோனியாவுக்கு இயற்கை எரிவாயு வேண்டும். பக்கத்துத் தூத்துக்குடியிலேயே யூரியா ஆலை இருந்தாலும், நாடு முழுவதற்கும் வேண்டிய எரிவாயுவில் ஏறக்குறைய பாதி கப்பலில்தான் வருகிறது. யூரியாவும் ஒரு பகுதி இறக்குமதி. எங்கோ நடக்கும் போர் நம் கூட்டுறவுச் சங்கத்தில் வரிசையாக வந்து நிற்கிறது. உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேரின் சாப்பாடு இந்தச் செயற்கைத் தழைச்சத்தை நம்பித்தான் இருக்கிறது என்று கணிக்கிறார்கள். அதனால் ஒரே நாளில் நிறுத்துவதும் வழி அல்ல. குமரிக் கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை 2021இல் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை போட்டுப் பார்த்தது. நெல் விளைச்சல் சரிந்தது, அரிசியை வெளியே இருந்து வாங்க வேண்டி வந்தது, அந்த ஆண்டு நவம்பரிலேயே தடையைத் தளர்த்த வேண்டியும் வந்தது. குறைப்பதென்றால் எந்த வயலில், எந்த வாரம், எவ்வளவு என்று தெரிந்து குறைக்க வேண்டும். அட்டை சொல்வது அதைத்தான்.

பயிருக்குப் போகாத யூரியா எங்கே போகிறது என்பதையும் வயலைச் சுற்றிப் பார்த்தாலே தெரியும். ஒரு பங்கு அம்மோனியாவாக ஆவியாகிறது. உச்சிப் பொழுதில் பாசி படர்ந்த வயல் தண்ணீரில் காரத்தன்மை ஏறும்போது இது அதிகம். ஒரு பங்கு நைட்ரஸ் ஆக்ஸைடாகிறது. கரியமில வாயுவைவிட 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. இன்னொரு பங்கு மடை வழியாக வாய்க்காலுக்கும் குளத்துக்கும். குளத்தில் ஆகாயத்தாமரை மூடிக் கிடப்பதற்குச் சாக்கடையை மட்டும் குற்றம் சொல்கிறோம், நம் மடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2022இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்த சுசீந்திரம் தேரூர் குளங்களைச் சுற்றி இருப்பதும் நெல்வயல்தான். அங்கே வடியும் தண்ணீர் பழையாறு வழியாக மணக்குடிக் காயலுக்குப் போகிறது.

ஆகவே அட்டை ‘போடு’ என்று சொன்ன நாளிலும் போடும் விதத்தில் ஒழுங்கு வேண்டும். மழை மூடிக்கொண்டு வரும் மாலையில் வீசக் கூடாது. ஒரு நாள் தள்ளிப் போனால் பயிர் செத்துவிடாது, ஆனால் ஒரு பெருமழையில் வரப்பு வழிந்தால் தவணை முழுக்கப் போய்விடும். தண்ணீரைச் சேறும் சகதியுமாக நிற்கும் அளவுக்கு வடித்துவிட்டு, மடையை அடைத்து, இலையில் ஈரம் இல்லாத நேரத்தில் வீசி, மறுநாள் தண்ணீர் கட்ட வேண்டும். களை பறித்த பிறகு போட வேண்டும். முன்னால் போட்டால் களைதான் கொழுக்கும். வேப்பம் பிண்ணாக்கு கலக்கும் பழைய முறை, அதாவது ஐந்து பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு பிண்ணாக்கு சேர்த்து ஒரு ராத்திரி வைத்திருந்து போடுவது, இப்போது வரும் மூட்டைகள் எல்லாமே வேம்பு பூசியவை என்பதால் அவ்வளவு அவசியமில்லை. பிண்ணாக்கு கையில் இருந்தால் சேர்ப்பதில் கெடுதலும் இல்லை.

செல்போனில் இலையைப் படம் பிடித்து நிறம் சொல்லும் செயலிகளும் வந்திருக்கின்றன. ஒவ்வொரு போனின் கேமராவும் வெளிச்சத்தைத் தன் போக்கில் திருத்திவிடும். பச்சையைக் கண்ணுக்கு அழகாக ஏற்றிக் காட்டுவதுதான் அதற்குச் சொல்லிக் கொடுத்த வேலை. படத்துக்குள்ளேயே அளவுக்கு ஒரு நிறப்பட்டையை வைத்து எடுக்கச் சொல்லும் செயலி என்றால் பார்க்கலாம். மற்றதற்கு அட்டையே போதும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். காகிதத்தில் அச்சடித்து லேமினேஷன் செய்ததை வாங்க வேண்டாம். அச்சுக்கு அச்சு மை மாறும், ஈரம் உள்ளே இறங்கினால் ஒரு பூ கூடத் தாங்காது. எண் பின்பக்கம் மட்டும் இல்லாமல் பட்டையிலேயே இருக்க வேண்டும். வரிகள் நகத்தால் தடவினால் தட்டுப்பட வேண்டும். எந்த ரகத்துக்கு எந்த எண் வரம்பு என்ற குறிப்பு அந்த அட்டைக்கே உரியதாகக் கூட வர வேண்டும். ஆறு பட்டை அட்டையின் குறிப்பை நாலு பட்டை அட்டையோடு வைத்து விற்பதும் நடக்கிறது. உரக்கடையில் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும், அவர்களுக்கு அதில் லாபம் கிடையாது. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நிலையங்களிலும் வட்டார விரிவாக்க மையத்திலும் கேட்பது நல்லது; திருப்பதிசாரம் நெல் ஆராய்ச்சி நிலையத்துக்கு விதை வாங்கப் போகும்போது விசாரித்துவிட்டால் தனியாக ஒரு நடை மிச்சம். பத்து வயலுக்கு ஒரு அட்டை போதும், பார்க்கிறவர் ஒருவராகவே இருந்தால்.